தொண்டிக்குப் படகு இழுக்க எந்தக் கார்?

வண்டி பற்றிய வாசகர் கேள்விகளுக்கு காரைக்குடி ஒர்க்‌ஷாப்பிலிருந்து பதில்கள்

*கேள்வி: எனக்கு வயது 27. வீடு தேவகோட்டை, வேலை காரைக்குடி. சென்னையில் படித்தபோது பாய்மரப் படகு ஓட்டக் கற்றுக்கொண்டேன். இப்போது எண்டர்பிரைஸ் ரகப் பழைய பாய்மரப் படகு ஒன்று டிரெய்லரோடு விலைக்கு வருகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் தொண்டிக்கு இழுத்துப் போய் ஓட்ட ஆசை. என்னிடம் கார் கிடையாது. இதுதான் முதல் கார். செகண்ட் ஹேண்டில் 5 லட்சம் வரை போகலாம். ஸ்விஃப்ட் டீசல், ஈகோ, பொலேரோ மூன்றையும் பார்த்து வைத்திருக்கிறேன். நண்பர்கள் ஃபோர் வீல் டிரைவ் இல்லாமல் முடியாது என்கிறார்கள். அம்மாவை மதுரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகவும் இதே கார்தான். எதை வாங்கலாம்?*

*– வாசகர், தேவகோட்டை*

தம்பி, இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பாதி மைலேஜ் பற்றியது, மீதி ஏசி பற்றியது. பாய்மரப் படகு இழுக்கக் கார் கேட்டு வந்த முதல் கடிதம் உங்களுடையதுதான். இழுவை எனக்குப் புதிதில்லை. சினிமாக்காரர்கள் பங்களா தேடி இங்கே வரும்போது சின்ன ஜெனரேட்டர் டிரெய்லரை ஜீப்பில் மாட்டி இழுத்துக் கொடுப்பது ரொம்ப நாள் என் வேலையாக இருந்தது. கானாடுகாத்தானில் வீட்டின் முன்வாசல் ஒரு தெருவில் இருக்கும், பின்வாசல் அடுத்த தெருவில் இருக்கும். ஜெனரேட்டர் சத்தம் கேட்கக் கூடாது என்று பின்வாசலுக்குத்தான் கொண்டுபோகச் சொல்வார்கள். ஆகவே டிரெய்லர் என்ன சேட்டை செய்யும் என்று தெரியும்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். எண்டர்பிரைஸ் படகு 4.04 மீட்டர் நீளம், அதாவது பதிமூன்றடி சொச்சம். வெறும் உடல் 90 கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. பாய்மரம், குறுக்குச் சட்டம், பாய், சுக்கான், நடுவில் தண்ணீருக்குள் இறங்கும் நடுப்பலகை, கைத்தள்ளுவண்டி எல்லாம் சேர்த்து 150 கிலோ வைத்துக்கொள்ளுங்கள். ரோட்டு டிரெய்லர் இன்னொரு 120, 130 கிலோ. மொத்தம் 280 கிலோ. நாலு பெரிய ஆட்கள் ஏறிய எடை. ஏழு பேரை அடைத்துக்கொண்டு பிள்ளையார்பட்டி போகிற வேகன் ஆரை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

இன்ஜின் சக்தி இங்கே பிரச்சினையே இல்லை. உங்கள் நண்பர்கள் பார்க்க வேண்டியதை விட்டுவிட்டு வேறு எதையோ பார்க்கிறார்கள். நீங்கள் பார்க்க வேண்டியவை மூன்று: கொக்கியை எதில் முடுக்குவது, பிரேக் பிடித்தால் என்ன ஆகும், காகிதம் சரியாக இருக்கிறதா.

கொக்கியில் ஆரம்பிக்கிறேன். சின்னக் கார்களுக்குத் தனியாகச் சேஸ் கிடையாது. மடித்து வெல்டிங் செய்த தகடுதான் உடம்பு. ஆக்சஸரிஸ் கடையில் பின் பம்பருக்குக் கீழே பந்து வைத்த கொக்கி மாட்டிக்கொடுக்கிறார்களே, அது பெரும்பாலும் அழகுக்கும், பின்னால் வருகிறவன் இடித்தால் பம்பரைக் காப்பதற்கும்தான். குனிந்து பாருங்கள். பம்பர் பிராக்கெட்டில் ரெண்டு போல்ட்டில் தொங்கிக்கொண்டிருந்தால் அதில் சைக்கிள்கூடக் கட்டாதீர்கள். இழுவைக் கொக்கி என்றால் காரின் ரெண்டு நீளச் சட்டங்களோடும் போல்ட்டில் இறுகி, உள்பக்கம் கனத்த தகடு கொடுத்து பாரம் பரவுகிற மாதிரி இருக்க வேண்டும். வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்று எந்தப் பட்டறைக்காரர் சொன்னாலும் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். மெல்லிய தகட்டில் சூடு வைத்தால் வெல்டிங் நிற்கும், பக்கத்துத் தகடு கிழியும்.

இன்னொரு விஷயம். காரோடு வருகிற கையேட்டை யாரும் படிப்பதில்லை. நம் ஊரில் விற்கிற பல சின்னக் கார்களின் கையேட்டில், இந்த வண்டி டிரெய்லர் இழுப்பதற்காக வடிவமைக்கப்பட்டதல்ல என்று ஒரு வரி இருக்கும். அந்த வரி இருந்தால் அந்தக் காரை விட்டுவிடுங்கள். இழுக்காது என்பதால் சொல்லவில்லை, இழுக்கும். ஆனால் ஏதாவது ஒன்று ஆகும்போது இன்சூரன்ஸ்காரர் முதலில் விரல் வைப்பது அந்த வரியில்தான். செகண்ட் ஹேண்டில் கையேடு வராது. அதே மாடல், அதே வருஷக் கையேட்டை கம்பெனி இணையதளத்தில் தேடி எடுத்துப் படித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.

இப்போது உங்கள் மூன்று கார்கள்.

ஸ்விஃப்ட் டீசல் நல்ல வண்டி. அந்த 1.3 லிட்டர் இன்ஜின் 190 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது சுழற்றும் விசை, கொடுக்கும், அதுவும் 2000 ஆர்பிஎம்மிலேயே. 280 கிலோ அதற்குப் பெரிய விஷயமில்லை. ஆனால் அது தகட்டு உடம்பு, முன்சக்கர இழுவை. பின்னால் கொக்கியில் பாரம் ஏறினால் மூக்கு தூக்கும், முன்சக்கரத்தின் பிடி குறையும். அப்புறம், மாருதி 2020 ஏப்ரலோடு டீசலை நிறுத்திவிட்டதால் இப்போது கிடைப்பதெல்லாம் வயதான வண்டிகள். காலையில் முதல் ஸ்டார்ட்டில் டைமிங் செயின் கலகலவென்று சத்தம் போடுகிறதா என்று கேட்க வேண்டும். அம்மாவோடு மதுரை போக மட்டும் என்றால் கண்ணை மூடிக்கொண்டு இதைச் சொல்வேன். உங்கள் வேலைக்குச் சொல்ல மாட்டேன்.

ஈகோவுக்குப் பின்சக்கர இழுவை, அது உங்களுக்குச் சாதகம்தான். விலையும் குறைவு, பாய், கயிறு எல்லாம் உள்ளேயே போட்டுக்கொள்ளலாம். ஆனால் 2016-ல் குளோபல் என்கேப் நடத்திய மோதல் சோதனையில் அதற்குப் பூஜ்ஜியம் ஸ்டார். முதல் கார், அம்மா பக்கத்தில் உட்கார்ந்து வரப்போகிறார், பின்னால் ஒரு பாரம் தள்ளிக்கொண்டு வரும். வேண்டாம்.

பொலேரோ மூன்றிலும் சரியான வண்டி. தனிச் சேஸ், பின்சக்கர இழுவை, பின்னால் லீஃப் ஸ்பிரிங் பட்டை. கொக்கிக்கு என்றே செய்த மாதிரி. தேவகோட்டையில் எந்த மெக்கானிக்கும் கண்ணைக் கட்டிக்கொண்டு பிரித்து மாட்டுவார். குறை என்னவென்றால் 2019-க்கு முந்தைய பொலேரோக்களில் ஏபிஎஸ், அதாவது முழு பிரேக் மிதித்தாலும் சக்கரம் பூட்டாமல் காக்கிற அமைப்பு, எதிர்பார்க்காதீர்கள். 2019-க்குப் பிந்தையது உங்கள் பணத்துக்குள் வருவது கஷ்டம். பிரேக் இல்லாத டிரெய்லர் பின்னால் இருக்கும்போது, மழை ரோட்டில் ஆடு குறுக்கே வந்து முழு பிரேக் மிதித்தீர்கள் என்றால், சக்கரம் பூட்டிக்கொண்ட கார் டிரெய்லர் தள்ளுகிற பக்கம் போகும். எனக்கு ஏபிஎஸ் இல்லாமல் இந்த விஷயத்தில் சம்மதமில்லை.

நீங்கள் பார்க்காத ஒன்றைச் சொல்கிறேன்: மஹிந்திரா டியூவி 300. 2015-ல் வந்தது, 2020-ல் நிறுத்தினார்கள். பார்க்கப் பெட்டி மாதிரி இருக்கிறது என்று நிறையப் பேருக்குப் பிடிக்கவில்லை, பெயரும் போய்விட்டது. அடுத்த வருஷமே அதைத்தான் கொஞ்சம் மாற்றி பொலேரோ நியோ என்று விற்றார்கள், அப்போது வாங்கினார்கள். நமக்கு அது நல்லது. உள்ளே அதே தனிச் சேஸ், பின்சக்கர இழுவை, 1.5 லிட்டர் மூன்று சிலிண்டர் டீசல், 230 நியூட்டன் மீட்டர். பொலேரோவைவிட உட்கார வசதி. நியோவுக்கு ஸ்பேர் செய்கிறார்கள் என்பதால் இன்ஜின் பக்கம் சாமானுக்கு அலைய வேண்டியதில்லை. ஏபிஎஸ், ஏர்பேக் சில வண்டிகளில்தான் இருக்கும். இருக்கிறதா என்று டேஷ்போர்டில் சாவி போட்டவுடன் விளக்கு எரிந்து அணைவதைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். கியரைத் தானே மாற்றுகிற ஆட்டோஷிஃப்ட் மாடல் வேண்டாம். ரிவர்ஸில் அங்குலம் அங்குலமாக டிரெய்லரைத் தள்ளும்போது கிளட்சை நம் கால் ஆள வேண்டும். மெஷின் ஆண்டால் அரை கிளட்சிலேயே வைத்துச் சூடேற்றிவிடும்.

உங்கள் 5 லட்சத்தில் கொஞ்சம் இழுபறியாகத்தான் இருக்கும். பேரம் பேச இடம் இருக்கிறது, ஏனென்றால் வாங்குகிறவர்கள் குறைவு. கையேட்டு வரி பற்றிச் சொன்னது இதற்கும் பொருந்தும், படித்துவிட்டே போங்கள். தனியார் காருக்கு ஆர்சி 15 வருஷம், அப்புறம் எஃப்சி காட்டி ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். 2016 வண்டி என்றால் 2031 வரை கவலையில்லை.

வாங்கப் போகும்போது இன்னொன்று பாருங்கள். நம் பக்கத்தில் இந்த மாதிரி வண்டிகள் நிறைய கடற்கரை ஓடி வந்தவை. ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினத்திலிருந்து மீன் பெட்டி ஏற்றிய வண்டியைக் கழுவி, பாலீஷ் போட்டு, வாசனைத் திரவியம் தொங்கவிட்டுக் காரைக்குடியில் நிறுத்துவார்கள். பின் சீட்டை மடக்கி, தரை விரிப்பை ஓரத்திலிருந்து உரித்துப் பாருங்கள். கீழே பஞ்சு ஈரமாக இருந்தாலோ, போல்ட் தலைகள் பூத்துப் போயிருந்தாலோ, மூக்கைக் கிட்டக் கொண்டுபோங்கள். ஐஸ் தண்ணீர் வடிந்த நாற்றம் எந்த ஷாம்புவுக்கும் போகாது. அந்த ஐஸ் தண்ணீர்தான் சேஸைத் தின்னும். சேஸின் பின்கோடியில், அதாவது உங்கள் கொக்கி வரப்போகிற இடத்தில், ஸ்குரூடிரைவர் கைப்பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்று கேட்க வேண்டும். பொத்தென்று கேட்டால் அங்கே துரு.

ஃபோர் வீல் டிரைவ் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் நண்பர்கள் நினைப்பது, காரைப் பின்னால் எடுத்து, டிரெய்லரோடு கடலில் இறக்கி, படகை மிதக்கவிட்டுத் திரும்ப ஏற்றுவது. வெளிநாட்டு வீடியோவில் அப்படிச் செய்கிறார்கள், அங்கே சரிவாகக் கான்கிரீட் போட்டு வைத்திருக்கிறார்கள். பாக் நீரிணைக் கரை அப்படியில்லை. ஆழமில்லாத கடல், சேறும் மணலும் கலந்த கரை. இடுப்பளவு தண்ணீர் வர எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்று உங்களுக்கே தெரியும். அங்கே ஃபோர் வீல் டிரைவை இறக்கினாலும் இழுத்தெடுக்க டிராக்டர்தான் வர வேண்டும்.

அதனால் ரெட்டை டிரெய்லர் முறைதான் உங்களுக்கு. ரோட்டு டிரெய்லரின் மேல் ஒரு லேசான கைத்தள்ளுவண்டி உட்கார்ந்திருக்கும். படகு தள்ளுவண்டியின் மேல் இருக்கும். தொண்டியில் காரைத் தார் ரோட்டோரமே நிறுத்துங்கள். தள்ளுவண்டியோடு படகை உருவி, ரெண்டு பேர் கரைக்குத் தள்ளிக்கொண்டு போங்கள். உப்புத் தண்ணீரில் நனைவது தள்ளுவண்டி மட்டும். காரும் ரோட்டு டிரெய்லரும் நனையவே கூடாது. ஓடி வந்த சூட்டோடு டிரெய்லர் சக்கரம் கடல் நீரில் இறங்கினால், ஹப்புக்குள் இருக்கிற காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்கி, உப்பு நீரை உள்ளே உறிஞ்சும். மறுவாரமே பேரிங் கரகரக்கும். நீங்கள் வாங்கப்போகிற டிரெய்லர் எந்த ரகம் என்று எழுதவில்லை. ஒற்றை டிரெய்லராக இருந்தால் ஒரு தள்ளுவண்டி தனியாகச் செய்துகொள்ளுங்கள். மணலில் புதையாத மாதிரி அகலமான டயர் போடச் சொல்லுங்கள்.

காகிதம். இதைப் படிக்கச் சலிப்பாக இருக்கும், ஆனால் இதில்தான் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தில் டிரெய்லரும் பதிவு செய்ய வேண்டிய வாகனம்தான். அதற்கென்று தனி நம்பர் உண்டு. அதோடு, இழுக்கிற காரின் நம்பரும் டிரெய்லரின் பின்னால் தெரிய வேண்டும். நீங்கள் பார்த்த டிரெய்லருக்கு ஆர்சி இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இல்லாவிட்டால் படகை மட்டும் வாங்குங்கள். நம்மூர்ப் பட்டறையில் டிராக்டர் டிரெய்லர் செய்கிறவரிடம் சொல்லி ஒன்று அடித்துக்கொள்ளலாமே என்று தோன்றும். அழகாகச் செய்தும் தருவார்கள். ஆனால் பதிவுக்குத் தயாரிப்பாளர் தருகிற 21, 22 ஆம் நம்பர் படிவங்கள் வேண்டும். அவரிடம் அது இருக்காது. காருக்குக் கொக்கி மாட்டுவதையும் வண்டியின் அமைப்பை மாற்றியதாக எடுத்துக்கொள்ள இடமிருக்கிறது, 52 ஆம் பிரிவு. மாட்டுவதற்கு முன்பே ஆர்டிஓ அலுவலகத்தில் எழுதிக் கேட்டு, பதிலை டேஷ்போர்டில் வைத்துக்கொள்ளுங்கள். இன்சூரன்ஸ் பாலிசியிலும் டிரெய்லரைச் சேர்க்கச் சொல்லுங்கள். வாய்வார்த்தை வேண்டாம்.

வாங்கிய பிறகு செய்ய வேண்டியதில் முக்கியமானது கொக்கியின் மேல் விழுகிற பாரம். மொத்த எடையில் 5 முதல் 10 சதவீதம் கொக்கியின் மேல் அழுத்த வேண்டும். உங்களுக்கு 15 முதல் 25 கிலோ. வீட்டில் ஆள் ஏறி நின்று எடை பார்க்கிற மெஷின் இருக்குமே, அதைத் தரையில் வைத்து, அதன்மேல் கொக்கி உயரத்துக்கு ஒரு கட்டையை நிறுத்தி, டிரெய்லரின் மூக்கை அதில் உட்காரவையுங்கள். குறைவாகக் காட்டினால் படகை ஓரிரு அங்குலம் முன்னால் தள்ளிக் கட்டுங்கள். மூக்கு லேசாக இருந்தால் வேகம் ஏற ஏற டிரெய்லர் வாலாட்டும். ஆட்ட ஆரம்பித்தால் பிரேக்கை மிதிக்காதீர்கள். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள், தானே அடங்கும். திருவாடானை தாண்டித் தொண்டிக்குப் போகிற ரோடு நேராகக் கிடக்கும், கால் தானாக அழுத்தும். 60-ஐத் தாண்டாதீர்கள்.

பாதி வழியில் ஒரு டீக்கடையில் நிறுத்தி டிரெய்லர் ஹப் ரெண்டையும் உள்ளங்கையால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி. கை வைக்க முடியாத சூடு என்றால் பேரிங்கில் கிரீஸ் இல்லை, அல்லது நட் அதிகம் முடுக்கியிருக்கிறது. டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும்: 1816 என்றால் 2016-ன் 18 ஆவது வாரம் செய்தது. படகு டிரெய்லர் டயர் தேய்ந்து போவதே கிடையாது, வெயிலில் நின்றே வெடித்துப்போகும். பள்ளம் ஆழமாக இருக்கிறது என்று ஏமாறாதீர்கள். விளக்கு வயரிங்கில் ஒரு சோதனை: பிரேக்கை மிதித்துக்கொண்டு இண்டிகேட்டர் போடச் சொல்லுங்கள். ரெண்டும் சேர்ந்து மங்கலாக மினுங்கினால் எர்த் சரியில்லை, பல்பை மாற்றிக்கொண்டிருக்காதீர்கள்.

இவ்வளவும் எழுதிவிட்டு ஒன்று கேட்கத் தோன்றுகிறது. படகைத் தொண்டியிலேயே விட்டுவைத்தால் என்ன? கரையோரம் யார் வீட்டுக் கொட்டகையிலாவது மாத வாடகைக்கு இடம் கிடைத்தால் டிரெய்லர், கொக்கி, ஆர்டிஓ எதுவும் வேண்டாம். ஒரே ஒரு தடவை வாடகைப் பிக்கப்பில் ஏற்றிப் போய் இறக்கினால் போதும். சின்ன யானை என்கிற டாடா ஏஸ் வேண்டாம், அதன் தொட்டி ஏழடி, உங்கள் படகு பதிமூன்று. அப்புறம் அம்மாவுக்காக அந்த ஸ்விஃப்டையே வாங்கிக்கொள்ளலாம். விசாரித்துப் பாருங்கள். விசாரிக்கிற சாக்கில் அங்கே வயதானவர்களிடம் பழைய வத்தை பற்றியும் கேளுங்கள். குறுக்கே ஒரு நீளப் பலகையை வெளியே நீட்டி, அதில் ஆள் ஏறி நின்று படகின் சாய்வைச் சமாளித்துப் பாய் ஓட்டியவர்கள் அவர்கள். சென்னையில் நீங்கள் காலை வாரில் மாட்டிக்கொண்டு வெளியே சாய்கிறீர்களே, அதே வேலைதான். வாடைக் காற்று எப்போது திரும்பும் என்று அவர்கள் சொல்வதைக் கேட்டு, கடலோரக் காவல் நிலையத்திலும் சொல்லிவிட்டு இறங்குங்கள்.

*கேள்வி: என் மகளுக்கு 11 வயது. சென்னையில் சித்தப்பா வீட்டில் தங்கிப் பாய்மரப் படகுப் பயிற்சிக்குப் போகிறாள். சிறுவர்கள் ஓட்டுகிற ஆப்டிமிஸ்ட் படகு ஒன்றை வாங்கி எங்கள் ஊர்க் கண்மாயில் விடலாம் என்று நினைக்கிறேன். இதற்கும் டிரெய்லர் வேண்டுமா? எங்களிடம் இன்னும் கார் இல்லை.*

*– வாசகர், பள்ளத்தூர்*

வேண்டாம். ஆப்டிமிஸ்ட் உடல் 35 கிலோ, எட்டடிகூடக் கிடையாது. காரின் கூரையிலேயே போகும். கையேட்டில் கூரைப் பாரம் எவ்வளவு என்று போட்டிருப்பார்கள், பல சின்னக் கார்களில் 50 கிலோ. கேரியர் கம்பியின் எடையும் அதில் சேர்த்தி என்பதை மறந்துவிடாதீர்கள். உங்களுக்கு நான் சொல்வது உயரமான கார் வேண்டாம் என்பதுதான். எல்லோரும் வேகன் ஆரைச் சொல்வார்கள். அதன் கூரைக்குப் படகைத் தூக்கி ஏற்ற உங்களுக்கும் வீட்டுக்காரருக்கும் தோள் உயரத்துக்கு மேல் கை போக வேண்டும். டிசையர், அமேஸ் மாதிரித் தாழ்ந்த செடான் என்றால் வேலை பாதி. செகண்ட் ஹேண்டில் பெட்ரோல் போதும், டீசலுக்கு அலையாதீர்கள்.

படகைக் கவிழ்த்து, மூக்கு முன்பக்கம் பார்க்கக் கட்டுங்கள். குறுக்கே ரெண்டு பட்டை, மூக்கிலிருந்து முன்பக்கக் கொக்கிக்கு ஒரு கயிறு. பட்டையைத் தட்டையாக விடாமல் அரைச்சுற்று முறுக்கிக் கட்டுங்கள்; இல்லாவிட்டால் திருச்சி வரை காற்றில் உறுமிக்கொண்டே வரும், காது போய்விடும். ரேட்செட் பட்டையை வெறியோடு இறுக்கினால் ஃபைபர் விரிசல் விடும். கையால் இழுத்து இறுக்கினால் போதும்.

கண்மாய் விஷயத்தில் ஒரு சந்தேகம். தண்ணீர் நிறைந்திருக்கும்போது மேலே பார்க்க அழகாக இருக்கும். கீழே சீமைக் கருவேல மரத்தை வெட்டிய அடிக்கட்டைகள் நிற்கும். படகின் நடுப்பலகை அதில் ஒரு முறை மோதினால் பலகையும் உடையும், பலகை நுழைகிற பெட்டியும் பிளக்கும். கோடையில் கண்மாய் வற்றியிருக்கும்போது ஒரு முறை நடந்து பார்த்து, எந்தப் பக்கம் கட்டையில்லை என்று குறித்துக்கொள்ளுங்கள். மீன் குத்தகை எடுத்தவரிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள், வலை போட்டிருப்பார்.

மகளுக்கு என் வாழ்த்து. சென்னைப் பெண் நேத்ரா குமணன் 2021-ல் ஓமனில் நடந்த போட்டியில்தான் டோக்கியோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றார். பாய்மரப் போட்டியில் ஒலிம்பிக் போன முதல் இந்தியப் பெண். பிள்ளையிடம் சொல்லி வையுங்கள்.

*கேள்வி: படகு இழுக்கக் கார் கேட்ட தேவகோட்டைக்காரர் என் நண்பர். எங்கள் வீட்டில் ஐயா வாங்கிய அம்பாசடர் ஓடும் நிலையில் நிற்கிறது. பின்சக்கர இழுவை, லீஃப் ஸ்பிரிங், இரும்பு மாதிரி உடம்பு. காசு செலவழிக்காமல் அதிலேயே படகை இழுத்தால் என்ன என்று பந்தயம் கட்டியிருக்கிறோம்.*

*– வாசகர், கானாடுகாத்தான்*

பந்தயத்தில் நீங்கள் தோற்றீர்கள். அம்பாசடருக்கும் தனிச் சேஸ் கிடையாது, அதுவும் தகட்டு உடம்புதான், தகடு கனம் என்பது மட்டும்தான் வித்தியாசம். அந்தத் தகடும் டிக்கியின் தரையில்தான் முதலில் துருப்பிடிக்கும், கொக்கி வேண்டிய அதே இடம். பழைய வண்டிகளில் நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக், பூஸ்டரும் இருக்காது. இழுத்துவிடும், நிறுத்தாது. ஐயா வண்டியைக் கல்யாண மாப்பிள்ளை அழைப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு ஒரு தடவை ஸ்டார்ட் செய்து கொஞ்ச தூரம் ஓட்டுங்கள், நிற்க வைத்து உறுமவிடாதீர்கள்.

*கேள்வி: நானும் கணவரும் சேர்ந்து சின்னப் படகும் டிரெய்லரும் வாங்கியிருக்கிறோம். கார் நன்றாக ஓட்டுவேன். டிரெய்லர் மாட்டி ரிவர்ஸ் எடுத்தால் மட்டும் நான் நினைக்கிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் போகிறது. கணவர் சிரிக்கிறார். வழி சொல்லுங்கள்.*

*– வாசகி, காரைக்குடி*

சிரிக்கிறவரை உட்காரவைத்து எடுக்கச் சொல்லிப் பாருங்கள் ஆச்சி. டிராக்டர்க்காரர்கள் பெரிய டிரெய்லரை அநாயாசமாக எடுப்பதைப் பார்த்து, சின்ன டிரெய்லர் சுலபம் என்று நினைக்கிறார்கள். நேர்மாறு. டிரெய்லர் எவ்வளவு குட்டையோ அவ்வளவு வேகமாகத் திரும்பிக்கொள்ளும்.

ஸ்டியரிங்கை மேலே பிடிக்காமல் அடியில், கடிகாரத்தில் 6 இருக்கும் இடத்தில் ஒரு கையால் பிடியுங்கள். இப்போது கை எந்தப் பக்கம் போகிறதோ டிரெய்லரின் பின்பாகமும் அந்தப் பக்கம்தான் போகும். இடது பக்கம் போக வேண்டுமா, கையை இடது பக்கம் நகர்த்துங்கள். மூளைக்கு வேலையே இல்லை. கொஞ்சமாகத் திருப்பி, அது பதில் சொல்லும்வரை காத்திருந்து, உடனே நேராக்குங்கள். மடங்க ஆரம்பித்துவிட்டால் ரிவர்ஸிலேயே சரிசெய்யப் பார்க்காமல் முன்னால் போய் நேராக்கிக்கொண்டு மறுபடி வாருங்கள். படகில்லாத வெறும் டிரெய்லர் காரின் முதுகுக்குப் பின்னால் மறைந்துவிடும், கண்ணாடியில் தெரியாது. ரெண்டு மூலையிலும் இடுப்புயரத்துக்குக் குச்சி கட்டி சிவப்புத் துணி முடிந்துகொள்ளுங்கள். ஆள் இல்லாத பொட்டலில் ரெண்டு சாயங்காலம் பழகினால் வந்துவிடும்.

வராவிட்டாலும் ஒன்றும் குடி முழுகிவிடாது. உங்கள் டிரெய்லர் படகோடு சேர்ந்து 250 கிலோ இருந்தால் அதிகம். சந்து குறுகலாக இருந்தால் சமதரையில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, கொக்கியைக் கழற்றி, ரெண்டு பேரும் கையாலேயே தள்ளிக்கொண்டு போய் வைத்துவிடுங்கள். நான் இப்போதும் பாதி நேரம் அப்படித்தான் செய்கிறேன். கழற்றுவதற்கு முன்னால் டிரெய்லர் சக்கரத்துக்கு அடியில் ஒரு கல் வையுங்கள், சங்கிலியை முதலிலும் விளக்கு வயரை அடுத்ததாகவும் எடுங்கள். வயரை மறந்துவிட்டுத் தள்ளினால் சாக்கெட்டோடு பிடுங்கிக்கொண்டு வரும்.